யோகோஹாமா கப் நூடுல்ஸ் மியூசியம்: ஒரு அரை நாளில் என்னென்ன செய்யலாம்?

கேள்வி: இடியாப்பம்_65

டோக்கியோவில் தங்கி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை யோகோஹாமா போய் வர உத்தேசம். நாங்கள் இருவர், 9 வயதுப் பெண், 5 வயதுப் பையன், கூட சைவம் மட்டுமே சாப்பிடும் மாமியார். அங்கே நாமே கப் நூடுல்ஸ் தயாரிக்கலாம், மாவு பிசைந்து நூடுல்ஸும் செய்யலாம் என்கிறார்கள். இரண்டில் எது இந்தக் குழந்தைகளுக்குச் சரிப்படும்? டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டுமா? மாமியார் சாப்பிட ஏதாவது கிடைக்குமா? செய்த கப்பை ஊருக்குக் கொண்டுவரலாமா?

பதில் 1: ரயில்பெட்டி

முதலில் நாளை மாற்றுங்கள். செவ்வாய் அங்கே வார விடுமுறை. செவ்வாய் அரசு விடுமுறையாக இருந்தால் அன்று திறந்து, மறுநாள் மூடுவார்கள். மற்ற நாட்களில் காலை 10 முதல் மாலை 6 வரை. 5 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள்.

ஷிபுயாவில் தோக்யூ தொயோகோ லைன் ஏறினால் அதே ரயில் மினாதோமிராய் வரை போகும், மாறவே வேண்டாம். அங்கிருந்து நடை 8 நிமிடம். ஜேஆர் ரயில்களுக்கான பாஸ் வைத்திருப்பவர்கள் சகுராகிச்சோ ஸ்டேஷனில் இறங்குவார்கள், அங்கிருந்து 12 நிமிடம். மாமியாருக்கு மினாதோமிராய்தான் சௌகரியம்.

நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 500 யென், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். கப் தயாரிப்பு அதில் சேராது. அதற்கு நேரம் குறித்த தனிச் சீட்டு உண்டு, கப்புக்குத் தனிக் காசு. சனி, ஞாயிறுகளில் அன்றைய சீட்டுகள் சீக்கிரமே தீர்ந்துவிடும். வார நாளில் போனாலும் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக நேரச் சீட்டை வாங்கிவிட்டு, அப்புறம் காட்சிக் கூடத்தைச் சுற்றுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, மாலை 4 மணிச் சீட்டோடு கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

பதில் 2: மாவுக்கை

மாவு பிசையும் பிரிவுக்குச் சிக்கன் ராமென் ஃபேக்டரி என்று பெயர். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், முன்பதிவு கட்டாயம். தொடக்கப் பள்ளி வயதுக்குக் கீழே அனுமதியில்லை, அதனால் 5 வயதுக்காரர் அவுட். பெண்ணுக்காக ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் பையனோடு வெளியே. அது தேவையா என்று பாருங்கள்.

கப் பிரிவில் அந்தத் தொல்லை இல்லை, சுமார் முக்கால் மணி நேரம். கையைச் சுத்தம் செய்து வெறும் கப்பை வாங்கியதும் மேசையில் மார்க்கர் பேனா இருக்கும். வெளிப்புறத்தில் படம் வரையலாம். மை காய்வதற்குள் குழந்தைகள் கப்பைக் கட்டிப் பிடித்தால் படம் முழுக்கக் கைரேகையாகிவிடும், ஆகவே அடியில் ஒரு விரல் அகலம் பிடிக்க இடம் விட்டு வரையச் சொல்லுங்கள். உள்ளே விரல் படக் கூடாது.

அடுத்தது நூடுல்ஸ் கட்டியைக் கப்பில் இறக்கும் இடம், இதைக் கவனித்துப் பாருங்கள். கட்டியைக் கப்புக்குள் போடுவதில்லை. கட்டியின் மேல் கப்பைக் கவிழ்த்து வைத்து, பையன் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற இரண்டும் சேர்ந்து புரண்டு நிமிரும். கப் அடியில் குறுகலானது. கட்டியோ அடியைவிட அகலம். அதனால் அது நடுவிலேயே சிக்கி அந்தரத்தில் நிற்கும். கீழே காலி இடம் இருப்பதால் வெந்நீர் அடியில் தங்கி நூடுல்ஸ் சீராக வேகும், லாரியில் குலுங்கினாலும் நொறுங்காது. மேலிருந்து போட்டால் கட்டி சாய்ந்து விழும். 1971இல் கப் நூடுல் விற்பனைக்கு வருவதற்கு முன் அதைக் கண்டுபிடித்த மோமோஃபுக்கு ஆண்டோவைப் படுத்திய சிக்கல் இதுதான். கப்பைக் கவிழ்த்ததும் தீர்ந்தது.

பிறகு 4 வகை சூப் பொடியில் ஒன்று, 12 வகை டாப்பிங்கில் நான்கு. மூடியை ஒட்டி, பிளாஸ்டிக் உறையைச் சூட்டில் சுருக்கித் தருவார்கள்.

பதில் 3: கணக்குப்பிள்ளை

சூப்பும் டாப்பிங்கும் சேர்த்து 5,460 வகை என்று அங்கே எழுதியிருப்பதைப் பார்த்துத் தவறு என்று சண்டை போடுபவர்களுக்கு: பன்னிரண்டில் நான்கு வெவ்வேறாக எடுத்தால் 495, நான்கு சூப்புக்கு 1,980தான். ஒரே பொருளை இரண்டு முறை கேட்கலாம் என்று சேர்த்தால் 1,365, அதை நான்கால் பெருக்கினால் 5,460. ஆக, நான்கு இடத்துக்கும் இறாலே கேட்டாலும் கணக்குப்படி சரி.

பதில் 4: மோர்க்குழம்பு

மாமியார் விஷயத்தில் தெளிவாக இருந்துவிடுங்கள். நான்கு சூப்பில் எதுவும் சைவம் இல்லை. சோளமும் பச்சை வெங்காயத்தாளும் மட்டும் போட்டால் போதாதா என்று கேட்பார்கள், போதாது. நூடுல்ஸ் மாவிலேயே கோழிச் சாறும் பன்றிச் சாறும் சேர்த்துத்தான் பொரிக்கிறார்கள். டாப்பிங் வரிசையில் கோழிக்குஞ்சு முகம் பதித்த அழகான வெள்ளை வில்லை ஒன்று இருக்கும், பார்த்தால் மாவு உருண்டை போலத் தெரியும், அது மீன் விழுதில் செய்தது. நூடுல்ஸில் பன்றிச் சாறு இருப்பதால் ஹலால் பார்ப்பவர்களுக்கும் இதே பதில். மாமியார் கப்பில் படம் வரைந்து கைப்பிடி சுற்றட்டும், சாப்பாட்டுக்கு தயிர்சாதமோ ஒனிகிரி என்ற சோற்று உருண்டையோ கையில் இருக்கட்டும். ஒனிகிரியிலும் உமேபோஷி என்ற ஊறுகாய்ப் பழம் வைத்ததாகப் பார்த்து, சேர்மானத்தில் மீன் சாறு இல்லையென்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

நாலாவது மாடி நூடுல்ஸ் பஜாரில் பல நாட்டு நூடுல்ஸ் சின்னக் கிண்ணங்களில் கிடைக்கும். சைவக்காரர் அதையும் நம்பிப் போக வேண்டாம்.

மறுகேள்வி: இடியாப்பம்_65

நல்லவேளை, புதனுக்கு மாற்றிவிட்டேன். கப் போதும், மாவு வேண்டாம். விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது?

பதில் 5: மாவுக்கை

கடைசியில் காற்றடைக்கும் ஒளிஊடுருவும் பை ஒன்றும், கழுத்தில் மாட்ட ஒரு கயிறும் தருவார்கள். சின்ன பம்ப்பால் நீங்களே ஊத வேண்டும். வீதியில் நடக்கும்வரை பிள்ளைகளுக்கு அது ஆனந்தம். விமானம் ஏறும் முன் கட்டாயம் காற்றை இறக்குங்கள்: பறக்கும்போது கேபின் அழுத்தம் தரையைவிடக் கால் பங்கு வரை குறையும், முழுக்க ஊதிய பை உப்பித் தையலில் விட்டுப்போகும். பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே கப்பை நிமிர்த்தி வையுங்கள், மேலே ஷூ வேண்டாம். கையில் கொண்டுபோனாலும் பரவாயில்லை, திரவம் இல்லையே. கடையில் வாங்கும் கப்பைப் போல மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தயாரித்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஆஸ்திரேலியா வழியே இறங்கிப் போவதாக இருந்தால் சுங்கப் படிவத்தில் உணவு என்று எழுதுங்கள், உள்ளே இறைச்சி இருக்கிறது.

பதில் 6: ரயில்பெட்டி

ஒசாகா பக்கமும் போவதானால் இகேதாவில் இதன் மூத்த அருங்காட்சியகம் 1999 முதல் இருக்கிறது, நுழைவு இலவசம், ஹன்க்யூ இகேதா ஸ்டேஷனிலிருந்து 5 நிமிட நடை. 1958இல் முதல் இன்ஸ்டன்ட் நூடுல்ஸான சிக்கன் ராமென் பிறந்த கொட்டகையின் மறுபதிப்பு அங்கே உண்டு. அதற்கும் செவ்வாய் விடுமுறைதான்.