டபுள் பாஸ் வாசித்தும் சொல்லிக் கொடுத்தும் பிழைக்க முடியுமா?

நாலாங்கம்பி எழுதியது:

வணக்கம். இசைப் படிப்பில் கடைசி வருடம். பள்ளியில் எலெக்ட்ரிக் பாஸ் வாசித்துக்கொண்டிருந்தேன், கல்லூரிக்கு வந்தபிறகுதான் டபுள் பாஸ், ஆளுயரத்துக்கு நிற்கிற பெரிய வில் வாத்தியம். ஜெர்மன் வில் (உள்ளங்கையைக் கீழே வைத்துப் பிடிக்கும் வகை) பிடிக்கிறேன். படிப்பு முடிந்தால் அடுத்து என்ன என்பதில் தலை சுற்றுகிறது. என் ஆசிரியர் ஆர்கெஸ்ட்ரா ஆடிஷனைத் தவிர வேறு எதையும் யோசிக்காதே என்கிறார். கூடப் படிக்கிறவர்கள் ஜாஸ் பக்கம் போனால்தான் கையில் காசு பார்க்கலாம் என்கிறார்கள். வீட்டில் "பேசாமல் வாத்தியாராகிவிடு". இதற்கு நடுவே இரண்டு பேர் என்னிடம் பாடம் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் நாற்பது வயதைத் தாண்டிய எலெக்ட்ரிக் பாஸ்காரர், இன்னொன்று ஒன்பது வயதுக் குழந்தை. நானே தம்ப் பொசிஷனில் (கட்டை விரலைக் கம்பி மேலேயே வைத்து உயர்ந்த ஸ்வரம் வாசிப்பது) இன்னும் தடுமாறுகிறேன், எந்த முகத்தோடு இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்பது?

இதையே முழுநேரத் தொழிலாக வைத்திருக்கிறவர்கள் உண்மையில் எப்படி ஓட்டுகிறீர்கள்? ஆடிஷன், வெளி நிகழ்ச்சி, பாடம், இதில் எதற்கு எவ்வளவு நேரம்? பூசி மெழுகாமல் சொல்லுங்கள்.

கடைசிவரிசை எழுதியது:

தம்பி, நான் ஆர்கெஸ்ட்ராவில் சம்பளத்துக்கு வாசிக்கிறவன், அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். பெரிய ஆர்கெஸ்ட்ராவில் பாஸ் பிரிவில் எட்டுப் பேர் இருப்பார்கள், சின்னதில் மூன்று நான்கு. வயலின்காரர்களுக்கு முப்பது நாற்காலி என்றால் நமக்கு எட்டு. அதில் உட்கார்ந்தவர் யாரும் லேசில் எழுந்து போவதில்லை. ஒருவர் ஓய்வு பெறும்போது ஒரு இடம் திறக்கும், அதற்கு உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் விண்ணப்பம் வரும். இதைத் தெரிந்துகொண்டு இறங்குவதாக இருந்தால் இறங்கலாம்.

ஆடிஷனில் என்ன கேட்பார்கள் என்பது ரகசியமே இல்லை. பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனி மூன்றாம் பகுதியில் செல்லோவும் பாஸும் தடதடவென்று ஆரம்பிக்கும் இடம், ஒன்பதாவதில் கடைசிப் பகுதியில் பேச்சு மாதிரி வரும் ரெசிடடிவ், மொஸார்ட் 40, ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ஹெல்டன்லேபன், மாலரின் முதல் சிம்பொனியில் வரும் சோலோ. கூடவே ஒரு கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது): வான்ஹல் அல்லது டிட்டர்ஸ்டார்ஃப், இல்லையென்றால் பொட்டெசினி, குஸெவிட்ஸ்கி. உன்னோடு வருகிற அத்தனை பேரும் இதே பக்கங்களைத்தான் வருடக்கணக்காக அரைத்திருப்பார்கள். முதல் சுற்றில் பெரும்பாலும் திரை போட்டிருப்பார்கள், உன் முகமோ படித்த இடமோ தெரியாது, கிடைப்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் குழு முதலில் பிடிப்பது தாளத்தைத்தான், அப்புறம் சுருதி. மொஸார்ட் 40-ல் எட்டாம் கால நோட்டுகள் ஓடும்போது ஒரு மயிரிழை அவசரப்பட்டாலும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். சத்தம் அழகா என்கிற கேள்வியே அதற்குப் பிறகுதான் வரும்.

சாதகம் எப்படி என்று கேட்பாய். துண்டுகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப்போட்டு, எது வருகிறதோ அதை முதல் தடவையிலேயே வாசித்துப் பதிவு செய்து கேள். முப்பதாவது தடவை நன்றாக வருவதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. இன்னொன்று, சோலோ ட்யூனிங் விஷயத்தை முன்னாடியே முடிவு செய்துகொள். கான்செர்ட்டோவை ஒரு முழு ஸ்வரம் ஏற்றிக் கட்டி வாசித்துவிட்டு, அடுத்த நிமிடமே இறக்கி பீத்தோவன் வாசி என்றால் கம்பி நிற்காது. குஸெவிட்ஸ்கிக்கு இரண்டு ட்யூனிங்குக்கும் பியானோ பகுதி கிடைக்கிறது, எதைக் கேட்கிறார்கள் என்று அறிவிப்பில் பார்.

பாடம் எடுப்பது பற்றி உன் ஆசிரியர் சொல்வதோடு எனக்கும் உடன்பாடுதான். இந்த இரண்டு வருடம் மற்றதைத் தள்ளி வை. முப்பது வயதுக்கு மேல் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம், முப்பது வயதுக்கு மேல் முதல் ஆடிஷன் போவது கஷ்டம்.

ராத்திரிசவாரி எழுதியது:

கடைசிவரிசை அண்ணன் சொன்ன ஆடிஷன் விவரம் எல்லாம் சரி, முடிவுதான் எனக்கு ஒத்துவரவில்லை. எட்டு நாற்காலிக்காக இரண்டு வருடம் வருமானமே இல்லாமல் அறைக்குள் இருக்க எத்தனை பேரால் முடியும்? வாடகை கட்ட ஆள் இருந்தால் இருக்கலாம்.

நான் ஜாஸ் டிரியோ, நாடக மேடைக்குக் கீழே இருக்கிற இசைக்குழு, கல்யாண வரவேற்பு, ஸ்டுடியோ என்று கலந்து ஓட்டுகிறேன். நம் வாத்தியத்துக்கு ஒரு வசதி உண்டு, பாஸ் இல்லாமல் எந்தக் குழுவும் கிளம்பாது, ஆனால் பாஸ் வாசிக்கிறவன் எப்போதும் பற்றாக்குறை. கிதார்காரன் பத்துப் பேர் வரிசையில் நிற்பான். அதனால் ஓரளவு வாசித்தாலே முதல் அழைப்பு வந்துவிடும். இரண்டாவது அழைப்புதான் விஷயம். அது வருவதற்கு டெம்போ ஆடக் கூடாது, காகிதத்தைப் பார்த்தவுடன் வாசிக்க வர வேண்டும், கார்ட் எழுத்துகளைப் பார்த்து உடனே வாக்கிங் லைன் (தட்டுக்கு ஒரு ஸ்வரமாக நடந்துபோகும் பாஸ் வரி) போட வேண்டும், சொன்ன நேரத்துக்கு முன்பே போய்க் கம்பி கட்டித் தயாராக நிற்க வேண்டும். பாடகர் சுருதியை அரை ஸ்வரம் இறக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் இறக்க வேண்டும். சோலோ வாசித்து அசத்துவதற்காக யாரும் பாஸ்காரனைத் திரும்பக் கூப்பிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

எலெக்ட்ரிக் பாஸை விற்றுவிடாதே தம்பி. நாடகக் குழுக்களில் ஒரே ஆள் இரண்டும் வாசிக்க வேண்டும் என்றுதான் கேட்பார்கள், அங்கே உனக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. ஒலியை ஆம்புக்கு அனுப்ப நல்ல பிக்கப், சின்ன ஆம்ப், சக்கரம் வைத்த எண்ட்பின் (வாத்தியத்தின் அடியில் நிற்கும் கம்பி), வாத்தியம் உள்ளே போகிற அளவுக்கு ஒரு வண்டி. இது இல்லாமல் வெளி நிகழ்ச்சி பேசவே முடியாது. முடிந்தால் வெளியே கொண்டுபோக ஒரு பிளைவுட் பாஸ் தனியாக வைத்துக்கொள், வெயிலும் ஈரமும் செதுக்கிய மர பாஸை ஒரே சீசனில் வெடிக்க வைத்துவிடும்.

வில்லை மட்டும் விடாதே. ஜாஸுக்குப் போனவர்கள் வில்லைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை, சுருதி எங்கே கெடுகிறது என்று வில் போட்டால்தான் காது ஒப்புக்கொள்ளும். ஜாஸ் பாஸ்காரர் ரான் கார்ட்டரைப் பார், ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் 1959-ல் பட்டம், மன்ஹாட்டன் ஸ்கூல் ஆஃப் மியூசிக்கில் 1961-ல் முதுகலை, முறையாக வில் படித்த ஆள். அவர் 2,200-க்கு மேற்பட்ட ஒலிப்பதிவுகளில் வாசித்ததற்குக் கின்னஸ் பதிவே இருக்கிறது. அதோடு நியூயார்க் சிட்டி காலேஜில் நீண்ட காலம் பாடமும் எடுத்தார். அதையும் கவனி.

வெட்டிப்பேச்சு எழுதியது:

வெறும் டபுள் பாஸ் மட்டுமே வாசித்து வாழ்ந்தவர்கள் எப்போதுமே குறைவு. பாஸில் பேர்போன பொட்டெசினி 1871-ல் கெய்ரோவில் ஐடா ஓபெராவின் முதல் அரங்கேற்றத்தை நடத்திக்கொண்டிருந்தார், கையில் கண்டக்டரின் குச்சி. சாகும்போது பார்மாவில் இசைப்பள்ளித் தலைவர். பாஸ்காரரான குஸெவிட்ஸ்கி 1924 முதல் 1949 வரை பாஸ்டன் சிம்பொனியின் கண்டக்டர். பெரிய மனுஷர்களே இரண்டு மூன்று தொழில் பார்த்திருக்கிறார்கள், நீங்கள் எந்த ஒன்று என்று சண்டை போடுகிறீர்கள். சரி, நான் போய்த் தூங்குகிறேன்.

ரோசின்டப்பா எழுதியது:

மேலே இரண்டு பேரும் பாடம் எடுப்பதை ஏதோ மழைக்கு ஒதுங்குகிற இடம் மாதிரியே பேசுகிறார்கள், அதனால் எழுதுகிறேன். என் வருமானத்தில் பெரும்பகுதி பாடத்தில்தான், மிச்சம் கூடுதல் ஆளாக ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பதில். இந்தக் கலவை என் விருப்பப்படி அமைத்தது.

தம்பி, தம்ப் பொசிஷனில் தடுமாறுகிற ஆள் ஆரம்ப மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கலாமா என்றால், தாராளமாக. தொடக்கக்காரருக்கு முதல் வருடம் தம்ப் பொசிஷன் தேவைப்படாது. வேண்டியது எப்படி நிற்பது, வாத்தியம் உடம்பில் எங்கே சாய்வது, எடை எங்கிருந்து வருகிறது என்பது. அது உனக்குப் புதிதாகக் கற்ற ஞாபகமாகவே இருக்கும், இருபது வருடம் வாசித்தவனுக்கு அது மறந்துபோயிருக்கும். ஆனால் ஒன்று, வருகிறவர் உன்னைத் தாண்டிப் போகிற நாளில் கையைப் பிடித்து இன்னொரு ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது.

அந்த எலெக்ட்ரிக் பாஸ்காரரை முதலில் எடு. அவருக்கு நீதான் சரியான ஆசிரியர், அதே பாதையில் வந்தவன். எலெக்ட்ரிக்கில் கம்பி நீளம் 86 செ.மீ. சுமார், ஒரு ஃபிரெட்டுக்கு ஒரு விரல் வைத்துப் பழகியிருப்பார். நம்முடையது 104, 106 செ.மீ. வரும், கழுத்தின் மேல்பாதியில் அப்படி விரித்தால் வலிதான் மிச்சம். அதனால்தான் பாஸ் பாடநூல் எழுதிய சிமண்டில் காலத்திலிருந்து விரல் வரிசை 1-2-4, ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் ஒரு முழு ஸ்வரம், மோதிர விரல் சுண்டு விரலுக்குத் துணை. இதை வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். கட்டை விரலைக் கழுத்திலிருந்து முழுசாக எடுத்துவிட்டு கையின் எடையிலேயே கம்பியை அழுத்தச் சொல், நோட் வரும். அன்றைக்குத்தான் இறுக்கிப் பிடிப்பதை நிறுத்துவார்கள். அழுத்திப் பிடித்தே பழகியவர்களுக்குக் கட்டை விரல் மூட்டு போய்விடும், அப்புறம் வாத்தியமே இல்லை.

சிமண்டில் முறையா, ரப்பாத் என்கிற பாஸ்காரரின் முறையா என்று இணையத்தில் மதச்சண்டை மாதிரி நடக்கும். ஆரம்ப மாணவருக்கு அதில் ஒன்றுமில்லை. தம்புரா மாதிரி ஒரே ஸ்வரமாக நிற்கிற ட்ரோன் ஒலி போட்டு அதன் மேல் மெதுவாக வில் இழுக்க வைத்தால் எந்த முறையிலும் சுருதி வரும்.

குழந்தை விஷயத்தில் வாத்தியத்தின் அளவு எல்லாவற்றுக்கும் முன்னால். நாம் வாசிக்கிற 3/4 தான் பெரியவர்களின் சாதாரண அளவு என்பது பெற்றோருக்குத் தெரியாது, 3/4 என்றவுடன் குழந்தைக்கு உரியது என்று வாங்கிவிடுவார்கள். ஒன்பது வயசுக்குப் பெரும்பாலும் 1/4 அல்லது 1/8, உயரத்தையும் கையையும் பார்த்துதான் சொல்ல முடியும். வாங்காமல் வாடகைக்கு எடுக்கச் சொல், வளர்ந்துவிடும். பாடம் நடக்கும்போது பெற்றோர் ஒருவர் அறையில் இருக்கட்டும், கையைத் திருத்தத் தொடுவதற்கு முன் கேட்டுவிடு. இதை நான் முதல் வகுப்பிலேயே சொல்லி எழுத்திலும் கொடுத்துவிடுவேன்.

காசு பற்றி யாரும் பேசவில்லை. வகுப்புக்கு வகுப்பு வாங்கினால் பரீட்சை மாதமும் விடுமுறை மாதமும் பட்டினி. மாதத்துக்கோ பருவத்துக்கோ முன்பணம், ஒரு நாள் முன்னாடி சொல்லாமல் ரத்து செய்தால் அந்த வகுப்பு போனதுதான். முதலில் இப்படிக் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்டால் மரியாதைதான் கூடுகிறது. மாணவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்றால், பள்ளி ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறவர்களிடம் போ. அவர்களிடம் வயலின் நிறைய இருக்கும், பாஸ் மூலையில் தூசி படிந்து நிற்கும், அதைச் சொல்லித்தர ஆளே இருக்காது. வாரம் ஒரு மணி நேரம் பாஸ் பிரிவைத் தனியாக எடுக்கிறேன் என்று கேட்டால் வேண்டாம் என்று சொன்னவர்கள் குறைவு.

கடைசிவரிசை எழுதியது:

ரோசின்டப்பா சொல்வதைக் கேட்டபிறகு கொஞ்சம் இறங்கி வருகிறேன். வாரத்துக்கு இரண்டு மாணவர் என்றால் ஆடிஷன் தயாரிப்பு கெடாது. பதினைந்து என்றால் கெடும், மாலை நேரம் முழுக்கப் பாடத்துக்குப் போய்விடும், ஒத்திகையும் மாலையில்தான். எண்ணிக்கையை நீ முடிவு செய், அது உன்னை முடிவு செய்ய விடாதே. அப்புறம் காதுக்கு அடைப்பான் வாங்கு தம்பி, தாளவாத்தியத்துக்கும் டிரம்பெட்டுக்கும் பக்கத்தில்தான் நம்மை நிறுத்துவார்கள்.

நாலாங்கம்பி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு நீளமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போதைக்கு இரண்டு பேருக்கும் பாடம் எடுக்கிறேன், ஆடிஷன் பட்டியலையும் ஆரம்பிக்கிறேன், எலெக்ட்ரிக்கை விற்கிற யோசனையை விட்டுவிட்டேன். ரோசின்டப்பா அக்கா, ஒரே ஒரு சந்தேகம். நான் ஜெர்மன் வில். குழந்தைக்கு பிரெஞ்சு வில் (மேலிருந்து பிடிக்கும் வகை) கேட்டால் சொல்லிக் கொடுக்கலாமா, இல்லை நான் பிடிப்பதையே கொடுக்கவா?

ரோசின்டப்பா எழுதியது:

நீ பிடிப்பதையே கொடு. கை எப்படி இருக்க வேண்டும் என்று உனக்கு உடம்பில் தெரிந்ததைத்தான் திருத்த முடியும். ஆனால் குழந்தையின் பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் மற்றவர்கள் எல்லாம் பிரெஞ்சு பிடிக்கிறார்களா என்று முதலில் விசாரி. அப்படியென்றால் நீ மூன்று மாதம் பிரெஞ்சு பழகிவிட்டுக் குழந்தைக்கு வில்லைக் கொடு, இரண்டும் தெரிந்த ஆசிரியருக்கு எங்கேயும் வேலை உண்டு. அதுவரை பிஸிகாட்டோவில் (விரலால் மீட்டுவது) ஓட்டலாம், குழந்தைக்கும் அதுதான் பிடிக்கும். வில்லில் தேய்க்கிற ரோசினை வெயிலில் விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் குழந்தையின் அம்மாவிடம் சொல்லிவை, பாஸ் ரோசின் மென்மையானது, காருக்குள் வைத்தால் உருகி வில் பையெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.