பிடிஎஃப் நோட்ஸ்: பின்புலத்தைக் கறுப்பாக்கினால் கண் எரிச்சல் குறையுமா?

குடியாத்தம்_டைப்பிங்:
டிஎன்பிஎஸ்சி தமிழ் நோட்ஸ். பின்புலம் வெளிர் சந்தனம் (சிவப்பு, பச்சை, நீல அளவு 251, 245, 230), எழுத்து சாம்பல் (நிறக் குறியீடு #999999), தலைப்பு நீலப் பட்டையில் சிவப்பு. பசங்க போன்லதான் படிக்கிறாங்க. ரெண்டு பக்கத்துக்கு மேல கண் எரியுதாம். கறுப்புப் பின்புலத்துக்கு மாத்திடலாமா?

பாலாறு_டிசைன்:
பின்புலத்தைத் தொடாதீங்க சார், கோளாறு எழுத்துல. அந்தச் சந்தனத்து மேல #999999 வெச்சா கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 2.6:1தான். எல்லாரும் படிக்க முடியணும்னு இணையப் பக்கங்களுக்கு வெச்சிருக்கற டபிள்யூசிஏஜி விதி சாதாரண எழுத்துக்குக் கேக்கறது குறைஞ்சது 4.5:1. #333333 போடுங்க, 11.6 வரும்.

தமிழுக்கு இந்த அளவுக்கு வேணும். சின்ன எழுத்துல புள்ளியும் சுழியும் ஒரு பிக்சல் அகலம்கூட இருக்காது. திரை அதைப் பின்புலத்தோட கலந்துதான் காட்டும். நீங்க கொடுத்த சாம்பல் இன்னும் வெளுத்துடும். 'பல்'லா 'பல'வான்னு ஒவ்வொரு வரியிலும் கண்ணைச் சுருக்கிப் பார்க்கணும்.

தலைப்பு அதைவிட மோசம். சிவப்பும் நீலமும் கண்ணுக்குள்ள ஒரே தூரத்துல குவியாது, ஓரம் நடுங்கற மாதிரி தெரியும். கருநீலப் பட்டையில (0, 0, 128) வெள்ளை எழுத்து வைங்க.

ராணிப்பேட்டை_லென்ஸ்:
கறுப்பு பகலுக்கு ஆகாது. மதியம் ரெண்டு மணிக்குக் காட்பாடி பஸ்ல ஜன்னலோரம் கறுப்புத் திரையைத் திறந்தா பாடம் தெரியாது, படிக்கிறவர் முகம்தான் தெரியும். இருட்டுப் பின்புலத்துல கண் பாப்பா விரியும். சிலிண்டர் பவர் (அஸ்டிக்மேடிசம்) உள்ளவங்களுக்கு வெள்ளை எழுத்து கசிஞ்ச மாதிரி இருக்கும். ராத்திரிக்குத் தனி காப்பி கொடுக்கறதா இருந்தா சுத்தக் கறுப்பு வெள்ளை வேண்டாம், அது 21:1. பின்புலம் (18, 18, 18), எழுத்து (224, 224, 224) வைங்க, 14 வரும்.

ஆம்பூர்_ஜெராக்ஸ்:
பிரிண்ட் எடுக்கறவங்களையும் பாருங்க. கறுப்பு வெள்ளை லேசர்ல சந்தனம் முழுப் பக்கமும் பொடிப் புள்ளியா விழும், டோனரும் வீண். பிரிண்டுக்கு வெறும் வெள்ளைதான்.

குடியாத்தம்_டைப்பிங்:
#333333 ரொம்பக் கறுப்பா தெரியுது. கொஞ்சம் வெளிர் சாம்பல் #767676 பாஸ்னு ஒரு கான்ட்ராஸ்ட் செக்கர் காட்டுதே?

பாலாறு_டிசைன்:
வெள்ளை மேல 4.54, அதனால பாஸ். உங்க சந்தனத்து மேல 4.2தான், ஃபெயில். செக்கர்ல பின்புல நிறத்தையும் மாத்திட்டுப் பாருங்க.