காலைக் கஞ்சிக் கணக்கும் பிள்ளைகளின் படங்களும்

அன்புள்ள 1996 சாதாரணதர வகுப்புத் தோழர்களுக்கும் ஊர் அண்ணாமார், அக்காமாருக்கும் வணக்கம்.

நம் ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நம் பணத்தில் கொடுக்கும் காலைக் கஞ்சிக்கு அடுத்த நான்கு மாதப் பணம் கேட்டுச் சென்ற கிழமை நான் எழுதியதற்கு வந்த மறுமொழிகளை இரண்டு தடவை வாசித்தேன். ரொறன்ரோ அண்ணா, பற்றுச்சீட்டும் பிள்ளைகள் சாப்பிடும் படமும் கிழமைதோறும் வராவிட்டால் இனி ஒரு சதமும் இல்லை என்கிறார். லண்டன் தோழரோ, முகநூலில் வந்த படத்தை வேலையிடத்தில் ஒருவர் தமக்குக் காட்டியதாகவும், நம் ஊர்ப் பிள்ளைகளைக் கையேந்துகிறவர்களாகக் காட்டுவதை விடத் திட்டத்தையே நிறுத்திவிடலாம் என்றும் எழுதியிருக்கிறார். ஊரின் பழைய பிணக்குகளும் இதற்குள் இழுபட்டுவிட்டன. அவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஆடி மாதம் ஊரில் நின்ற பதினெட்டு நாட்களில் என் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நான் பாடசாலைக்குப் போனபோது கிடாரம் இறக்கியாகிவிட்டது. சிவப்புப் பச்சையரிசியும் வறுத்த பயறும் முருங்கையிலையும் போட்டுத் தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி, இறக்கிய பின் பிழிந்த தேசிப்புளி மணத்துடன் ஆவி பறந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் பேணிகளில் கஞ்சியை எடுத்துக்கொண்டு வாங்குகளில் இருந்தார்கள். ஆனால் ஒருவரும் குடிக்கவில்லை. நம் பெயர்கள் அச்சடித்த பதாகையை இரண்டு பையன்கள் பின்னால் பிடித்து நிற்க, ஓர் இளைஞர் கைத்தொலைபேசியுடன் வரிசை வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். கடைசி வாங்குக்கு அவர் வருவதற்குள் அங்கிருந்த பேணிகளில் கஞ்சிக்கு மேல் ஆடை படர்ந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பேணியை வாங்கின் கீழே வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். மணி அடித்ததும் நேரே வகுப்புக்குப் போய்விட்டாள்.

சமைக்கும் அக்காவிடம் கேட்டேன். "படம் எடுக்கிற நாளிலை பெரிய வகுப்புப் பொம்பிளைப் பிள்ளையள் கனபேர் வராயினம் தம்பி" என்றார். அவர் சொல்வது சரிதானா என்று பார்க்க அவருடைய கொப்பியை வாங்கிப் பார்த்தேன். நூற்று இருபது பக்க அப்பியாசக் கொப்பி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி: எத்தனை சுண்டு அரிசி, எத்தனை சுண்டு பயறு, எத்தனை தேங்காய், முட்டை நாளென்றால் எத்தனை முட்டை, எத்தனை பிள்ளைகள். கடைசியில் அன்று சமைத்த இரண்டு தாய்மாரின் கையொப்பம். ஆறாம் வகுப்பு முதல் பதினோராம் வகுப்பு வரை 118 பிள்ளைகள். சாதாரண நாளில் 112, 115, 110 என்று இருக்கும் எண்ணிக்கை, படம் எடுத்த நான்கு வெள்ளிக்கிழமைகளிலும் 90க்குக் கீழே இறங்கியிருக்கிறது. சமைத்தது அதே இருபது சுண்டு அரிசிதான். மிஞ்சியதை ஒரு வீட்டு மாட்டுக்குக் கொடுத்ததாகக்கூட அக்கா எழுதி வைத்திருக்கிறார்.

கணக்குக் கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் பல நல்ல வேலைகள் கணக்கு இல்லாததாலேயே கெட்டுப்போயின என்பதை அறிந்தவன் நான். ரொறன்ரோ அண்ணா அன்று விடாப்பிடியாக நின்றிராவிட்டால் முன்பு கிணற்று வேலைக்குக் கொடுத்த காசும் திரும்பி வந்திராது. ஆனால் அண்ணா, நீங்கள் தேடும் கணக்கு அந்தக் கொப்பியில் இருக்கிறது. 118 பேர் சாப்பிட வேண்டிய இடத்தில் 90 பேர் கூடச் சாப்பிடவில்லை என்பதை எந்தப் படமும் நமக்குக் காட்டவில்லை. அந்தக் கொப்பிதான் காட்டியது. கடைக்காரரின் பற்றுச்சீட்டையும் கொப்பியின் பக்கத்தையும் அருகருகே வைத்தால், வாங்கிய அரிசிக்கும் கிடாரத்தில் போட்ட அரிசிக்கும் ஒரு சுண்டு வித்தியாசம் வந்தாலும் தெரிந்துவிடும்.

லண்டன் தோழருக்கு ஏற்பட்ட மனவருத்தம் நியாயமானது. ஆனால் அவமானம் கஞ்சியால் வரவில்லை, படத்தால் வந்தது. 1995 இன் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடனீரேரி கடந்து வந்தவர்களும், 1996 ஆடியில் இராணுவத்தின் சத்ஜய நடவடிக்கை தொடங்கிய பின் கிளிநொச்சியை விட்டு மல்லாவிப் பக்கம் வந்தவர்களும் நம் வகுப்பில் சேர்ந்தபோது, நாம் பாலை மரத்தின் கீழே இருந்து படித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கிடைப்பதே அரிதாக இருந்த காலம் அது. பாடசாலைக்குப் பின்வளவு ஆச்சி இடைவேளையில் கஞ்சி வார்ப்பார். பேணி போதாது என்று பனையோலையை மடித்துப் பிளா என்ற குடிகலம் கோலித் தருவார். யார் இடம்பெயர்ந்து வந்தவர், யார் ஊர்க்காரர் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று நாம் பிளாவை ஏந்தி நின்றதை யாராவது படம் எடுத்து ஊர் உலகத்துக்கு அனுப்பியிருந்தால், நீங்களோ நானோ மறுநாளும் அந்த வளவுக்குள் போயிருப்போமா?

அரசாங்கம் உணவு கொடுக்கும்போது நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று மூன்றாவதாக ஒருவர் கேட்டிருந்தார். அரசு கொடுக்கும் திரிபோஷ என்ற சத்துமா ஐந்து வயதுக்கு உட்பட்ட எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மாருக்கும் உரியது. நம் பாடசாலையில் அரச உணவு ஐந்தாம் வகுப்புடன் நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு ஏறிய பிள்ளை, வளர்ச்சி வேகம் கூடுகிற அந்த வயதில், வெறுந்தேநீரைக் குடித்துவிட்டு ஏழரை மணிக்கு வந்து ஒன்றரை வரை இருக்கிறது. பூப்படைந்த பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து இன்னும் கூடுதலாகத் தேவை. பயற்றிலும் இலையிலும் உள்ள இரும்பு உடம்பில் சேரத் தேசிப்புளி உதவும். சாப்பாட்டுடன் குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். ஆகவே அக்கா கஞ்சியுடன் தேநீர் கொடுப்பதில்லை. படத்துக்குப் பயந்து தொட்டிக்குப் பின்னால் நிற்பவர்கள் இந்தப் பிள்ளைகளே.

ஒக்டோபர் முதல் தை வரை என்று நான் கேட்டதற்கும் காரணம் உண்டு. மழைக்கால நெல்லான காலபோகத்தின் விதைப்பு முடிந்து, தை மாசியில் அரிவு வெட்டுத் தொடங்கும் வரை காணியில்லாத வீடுகளில் கூலி வேலை இல்லை. மழை இறங்கினால் விறகு வெட்டவும் போக முடியாது. வவுனிக்குளத்துத் தண்ணீர் பாயும் வயல்காரர் வீட்டில் கூட அப்போது பழைய நெல் அடியில்தான் கிடக்கும். மார்கழி விடுமுறையில் பாடசாலை பூட்டப்படுவதால், அந்த நாட்களில் வாசிகசாலைக் கொட்டிலில் சமைக்கலாம் என்று தாய்மார் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தேங்காய் விலை ஏறிய பின், கிழமைக்கு இரண்டு முட்டையுடன் மாதம் ஏறத்தாழ 2 இலட்சம் ரூபா முடிகிறது. நாம் 23 பேர். ஆளுக்கு மாதம் 25 யூரோ வீதம் நான்கு மாதத்துக்குக் கேட்கிறேன். மாத முடிவில் கொப்பிப் பக்கங்களும் கடைப் பற்றுச்சீட்டுகளும் எல்லோருக்கும் வரும். அவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பை ரொறன்ரோ அண்ணாவே ஏற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பதாகையை நான் கழற்றி அதிபரின் அனுமதியுடன் களஞ்சிய அறையில் சுருட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இதற்கு யாருக்காவது கோபம் இருந்தால் என்னோடு நேரே பேசுங்கள். முகநூலில் உள்ள படங்களை, போட்டவர்கள் இந்தக் கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும்.

கைவசம் இருக்கும் அரிசியும் பயறும் ஒக்டோபர் 17 வரைக்கும் காணும் என்று அக்கா நேற்று இரவு தொலைபேசியில் சொன்னார்.

அன்புடன்,
டோட்முண்டிலிருந்து உங்கள் வகுப்புத் தோழன்