பழைய ஹிப்ஹாப் டிரம் சத்தம் எப்படி வரும்?

மலேசியா சுங்கை சிப்புட்லேருந்து கேக்கறேன். தோட்டத்துப் பசங்களுக்கு பீட் வகுப்பு. லேப்டாப்புல டிரம் ரொம்ப சுத்தமா கேக்குது. 1988–94 ஆல்பங்களோட முரட்டுத்தனம் எப்படிண்ணே வரும்?

பதில் 1: அந்தக் காலத்துல எஸ்பி-1200-னு ஒரு சாம்ப்ளர், அதாவது பழைய பாட்டுலேருந்து சின்னத் துண்டை (சாம்பிள்) பதிஞ்சு திரும்ப வாசிக்கிற கருவி. அதோட குறைதான் தம்பி அந்த அழகு. பதிவுத் தரம் 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ்தான், பதிய இடம் மொத்தமே 10 வினாடி. இடம் பத்தாம, நிமிஷத்துக்கு 33 சுத்து சுத்த வேண்டிய இசைத்தட்டை 45-ல வேகமா ஓட்டிப் பதிஞ்சு, அப்புறம் சுருதியை இறக்குவாங்க. கரகரப்பு அந்த இறக்கத்துலதான். லேப்டாப்புலயும் அதே மாதிரி சாம்பிளை 5 அரைச்சுரம் ஏத்தி, 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைச்சு, மறுபடி 5 இறக்குங்க. டைம்-ஸ்ட்ரெட்ச் (சுருதி மாறினாலும் நீளம் மாறாம வைக்கிற வசதி) அணைச்சிருக்கணும், இல்லேன்னா அடி மழுங்கிடும்.

பதில் 2: ஒண்ணு சேர்த்துக்கங்க. 1991-ல ராப் பாடகர் பிஸ் மார்க்கி மேல வந்த சாம்பிள் வழக்குத் தீர்ப்புக்கு அப்புறம் சாம்பிளுக்கு அனுமதி வாங்கணும்னு ஆச்சு. பல பாட்டுத் துண்டுகளை ஒட்டுற பாணி செலவு பிடிச்சதாயிடுச்சு. பசங்க உறுமியையும் பறையையும் நேரா பதியட்டும். உரிமைத் தொல்லை இல்லை, சத்தமும் நம்மோடது.