கருவி மாற்றிப் பூட்டும் வண்டிகள்: பூட்டியவர்களும் கட்டியவர்களும் எழுதுங்கள்

பீட்டர்மாரிட்ஸ்பர்க், யார்டு மெக்கானிக்:

தென்னாப்பிரிக்காவில் சாலையோர வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மெக்கானிக்காக இருக்கிறேன். எங்கள் யார்டில் ஒரு யூனிமாக் நிற்கிறது, முன்னாலும் பின்னாலும் கருவி பூட்டக்கூடிய ஜெர்மன் லாரி. மழைக்காலத்தில் முன்னால் புல்வெட்டும் கை, காய்ந்த மாதங்களில் சாலை பெருக்கும் பிரஷ், மரம் சாய்ந்தால் பின்னால் கிரேன். ஒரே வண்டி, ஆண்டு முழுக்க வேலை. இப்படிப்பட்ட வண்டிகளோடு பழகியவர்களும், இவற்றை லெகோ பொம்மைக் கட்டைகளில் கட்டியவர்களும் உங்கள் அனுபவத்தைப் போடுங்கள். முதலில் நான்.

வேடிக்கை பார்க்கிறவர்கள் கண் கருவி மேல்தான் போகும். நான் முதலில் பார்ப்பது பூட்டும் இடத்தை. எடையைத் தாங்க முன்தட்டு, இன்ஜினின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்க பி.டி.ஓ. ஷாஃப்ட், தூக்கவும் மடக்கவும் ஆயில் ஹோஸ். இந்த மூன்றும் சரியாக இருந்தால் எந்தக் கருவியும் வேலை செய்யும். ஒன்று பிசகினாலும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் சும்மாதான் கிடக்கும். பி.டி.ஓ. வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, 1000 சுற்று என்று இரண்டு உண்டு. 540 சுற்றுக்கு என்று செய்த கருவியை 1000-இல் ஓட விட்டால் பேரிங்கும் பிளேடும் தாங்காது. கருவியின் தகட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் யாரும் லீவரைத் தொடக் கூடாது.

எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கழற்றிய கருவியை வெட்டவெளியில் போட்டால் ஹோஸுக்குள் அடைபட்ட ஆயில் சூடேறி விரியும். உள்ளே அழுத்தம் ஏறிவிட்டால், மறுபடி பூட்டும்போது ஹோஸை இணைக்கும் கப்ளர் எவ்வளவு தள்ளினாலும் உள்ளே போகாது. சுத்தியலால் தட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே வயிறு எரியும். கழற்றும் முன் கருவியைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லீவரை இரு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விடுங்கள். கழற்றியதும் தூசிமூடியைப் போட்டு நிழலில் வையுங்கள்.

இன்னொன்று, இது உயிர் விஷயம். ஆயில் எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய மாதிரிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை இல்லாவிட்டால் விரலோ கையோ போய்விடலாம்.

யூனிமாக் பிறந்ததே விவசாயத்துக்காக. ஆல்பர்ட் ஃப்ரீட்ரிஷ் என்ற ஜெர்மன் பொறியாளர் போர் முடிந்த கையோடு வடிவமைத்தார். 1946-இல் முதல் மாதிரி வண்டி ஓடியது. இரு சக்கரங்களுக்கு நடுவே 1270 மில்லிமீட்டர் வைத்தார்கள், அது உருளைக்கிழங்குப் பாத்தி இரண்டின் அகலம். 1951-இல் டைம்லர் பென்ஸ் அதை ககெனாவ் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது.

சாட்ஸ்வொர்த், பள்ளி ஆசிரியை:

அண்ணா, நிஜ வண்டியை நான் தொட்டதில்லை. ஆனால் என் அண்ணன் மகனோடு உட்கார்ந்து லெகோ டெக்னிக் 8110-ஐக் கட்டியிருக்கிறேன். 2011-இல் வந்த யூனிமாக் யூ400, 2048 துண்டுகள். எங்களுக்குக் கிடைத்தது ஒருவர் பயன்படுத்தியது, துண்டுகளைக் கழுவிக் காயவைத்துத்தான் தொடங்கினோம்.

நீங்கள் சொன்ன பூட்டும் இடம் அந்த மாடலில் அப்படியே இருக்கிறது. முன்னாலும் பின்னாலும் பி.டி.ஓ., முன்னால் இழுவை வின்ச், பின்னால் காற்றழுத்தத்தில் மடங்கும் கிரேன். பையனுக்கு மிகவும் பிடித்தது சக்கரத்தின் உட்பகுதி. ஷாஃப்ட் சக்கரத்தின் நடுவுக்கு நேராக வராமல் அதற்கு மேலே வந்து சேர்கிறது. உள்ளே இருக்கும் கியர் அந்தச் சுழற்சியைக் கீழே இறக்கிக் கொடுக்கிறது. வண்டியின் வயிறு உயர்ந்து நிற்பதன் காரணம் அதுதான் என்று அவனே கண்டுபிடித்துச் சொன்னான். தடித்த புத்தகங்களை அடுக்கி அதன் மேல் ஓட்டிக் காட்டினான். பாடப் புத்தகத்தில் படம் போட்டு நான் பத்து நிமிடம் விளக்கினாலும் இப்படிப் புரியாது.

ஒரு சந்தேகம். கிரேன் லீவரை மெல்லத் திருப்பினால் கை கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும், பிறகு திடீரென்று குதிக்கும். நிஜ வண்டியிலும் அப்படியா?

அதே துண்டுகளை வைத்துப் பனி தள்ளும் வண்டியாகவும் மாற்றிக் கட்டலாம். டர்பன் பிள்ளைக்குப் பனி என்றால் ஃப்ரிட்ஜ்தான். “இது நமக்கு எதுக்கு அத்தை?” என்று கேட்டான். 2024 செப்டம்பரில் வான் ரீனென் கணவாயில் பனி கொட்டி N3 நெடுஞ்சாலை மூடியபோது எங்கள் உறவினர்கள் இரவு முழுக்கக் காரிலேயே சிக்கிக் கிடந்தார்கள். சாலையைத் திறக்க வந்தது தகட்டால் தள்ளிச் சமப்படுத்தும் கிரேடர் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டதும் பையன் ஓடிப்போய் அந்த மாடலை எடுத்து வந்தான். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியே கேட்கவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், யார்டு மெக்கானிக்:

நல்ல கேள்வி, தங்கச்சி. காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது என்றே சொல்லலாம். லெகோவில் காற்று முதலில் அமுங்கிச் சேர்கிறது, உராய்வைத் தாண்டியதும் மொத்தமாகத் தள்ளுகிறது. நிஜ கிரேன் லீவர் சொன்ன அளவுக்குத்தான் நகரும். அதுவும் குதித்தால் ஆயிலுக்குள் காற்று புகுந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுவேன். டாங்கில் ஆயில் மட்டம், பம்புக்கு வரும் உறிஞ்சு ஹோஸின் கிளாம்ப், இரண்டையும் பார்ப்பேன். பையனிடம் சொல்லுங்கள், அவன் சரியான இடத்தைத்தான் கவனித்திருக்கிறான்.

டோங்காட், ஓய்வுபெற்ற தோட்டக் கங்காணி:

எங்கள் பக்கம் யூனிமாக்கை விட பெல் லோடர்தான் ராஜா. இந்த நாட்டிலேயே, நம் நேட்டால் கரும்புக்காகவே செய்த வண்டி. மூன்று சக்கரம். முன்னால் பெரிய சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஓடும், பின்னால் சின்னச் சக்கரம் தன் போக்கில் திரும்பும். ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் ஓட்டினால் நின்ற இடத்திலேயே சுற்றும். சரிவில் ஆள் கையால் வெட்டிப் போட்ட கரும்பை முன்கொக்கியால் தள்ளிக் குவித்து, கவ்வி, தூக்கி டிரெய்லரில் போடும். வெட்டிய கரும்பு கிடக்கக் கிடக்க சர்க்கரை இறங்கும், அதனால் லோடர் நின்றால் எங்களுக்குத் தூக்கம் போகும்.

கரும்புக் கொக்கியைக் கழற்றி மரக்கொக்கி போட்டால் அதே வண்டி யூகலிப்டஸ் தோப்பில் வேலை செய்யும். கரும்புக் கொக்கியின் விரல்கள் தரையை ஒட்டிச் சீப்பு வாரின மாதிரி போக வேண்டும், மண்ணைக் கிளறக் கூடாது. மண்ணும் கல்லும் ஆலைக்குப் போனால் அங்கே திட்டு விழும். மரக்கொக்கிக்கு அந்த நுணுக்கம் வேண்டாம், பிடி இறுகினால் போதும். இதை லெகோவில் யாராவது கட்டினால் எனக்குப் படம் போடுங்கள், என் பேத்திக்குக் காட்ட வேண்டும்.

ஃபீனிக்ஸ், வாசகர்:

ஒரு விஷயம் பதிந்து வைக்க வேண்டும். நிறவெறி அரசின் ராணுவம் ஓட்டிய, கண்ணிவெடியைத் தாங்கும் பஃபல் கவச வண்டியும் யூனிமாக் அடிச்சட்டத்தின் மேல்தான் கட்டப்பட்டது. 1980களில் குடியிருப்புகளுக்குள் அதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அந்த உயரமான சக்கரத்தைப் பார்த்தால் இன்றும் உள்ளே ஏதோ இறுகும். என் மகனுக்கு அது கிரேன் வைத்த பொம்மை லாரி. அவனுக்கு அப்படியே இருக்கட்டும். ஆனால் வளர்ந்ததும் இதையும் சொல்லுவேன்.

வெருலம், புதிதாகத் தொழில் தொடங்கியவர்:

அண்ணா, நான் ஒரு பழைய டி.எல்.பி. வைத்திருக்கிறேன், முன்னால் லோடரும் பின்னால் தோண்டும் கையும் உள்ள வண்டி. 1958-இல் செய்த லெகோ கட்டை இன்றைய கட்டையோடும் சேருகிறது என்கிறார்கள். டி.எல்.பி. பின்கை பக்கெட் மட்டும் ஏன் ஒரு கம்பெனியது மற்றதில் சேருவதில்லை? வடிகால் தோண்ட ஒடுக்கமான பக்கெட் ஒன்று விலைக்கு வருகிறது, எதைப் பார்த்து வாங்குவது?

பீட்டர்மாரிட்ஸ்பர்க், யார்டு மெக்கானிக்:

தம்பி, லெகோ ஒரே கம்பெனி, அளவை விட்டு நகரவில்லை. பாப்கேட் மாதிரிச் சின்ன லோடர்களிலும் முன்தட்டுக்கு ஒரு பொது அளவு வந்துவிட்டது, அதனால் பல கம்பெனிக் கருவிகள் மாறி மாறிச் சேரும். டி.எல்.பி. பின்கையில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு அளவு வைத்திருக்கிறது.

பணம் கொடுக்கும் முன் மூன்று அளவு எடுங்கள். பக்கெட்டைக் கையோடு பூட்டும் இரும்பு ஆணியான பின்னின் விட்டம், இரண்டு பின்களின் மையத்துக்கு மையம் உள்ள தூரம், பின் நுழையும் பக்கெட் காதுகளுக்கு நடுவே உள்ள அகலம். நுண்ணளவு காட்டும் வெர்னியர் வைத்து எடுங்கள், டேப் போதாது. துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அதற்குள் இருக்கும் புஷ் வளையத்தை மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். காது அகலம் மட்டும் கொஞ்சம் கூடுதல் என்றால் வாஷர் போட்டுச் சரிசெய்யலாம். மையத் தூரம் மாறினால் பக்கெட் முழுதாக மடங்காது, அதைத் தொடவே வேண்டாம். உங்கள் வண்டியின் அளவையும் பக்கெட்டின் அளவையும் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.