புதுப்பிப்பு: பாதியிலேயே நின்ற பெட்ரோல் முள் இப்போது சரியாகிவிட்டது

டேங்கை நிரப்பினாலும் என் ஸ்போர்ட்ஸ் காரில் பெட்ரோல் முள் பாதியைத் தாண்டவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். மீட்டரை மாற்றச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னீர்கள். மீட்டர் நன்றாகவே இருக்கிறது. கோளாறு டேங்குக்குள் இருந்த சென்சாரில்.

இந்த வண்டியில் பின் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டின் இரு பக்கமும் டேங்க் சேணம் போலத் தொங்குகிறது. அதனால் பக்கத்துக்கு ஒரு சென்சார், அதில் பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கும் ஒரு மிதவை. இரண்டையும் கூட்டித்தான் முள் நகரும். ஒன்று படுத்துவிட்டால் பாதிக் கணக்குதான் வரும்.

சென்சார்களை வெளியே எடுத்து, மல்டிமீட்டரை மாட்டி, மிதவையைக் கையால் மெல்லத் தூக்கிப் பார்த்தேன். இடப்பக்கத்தில் ஓம் அளவு (மின்தடை) சீராக மாறியது. வலப்பக்கத்தில் நடுவழியிலேயே அறுந்துபோனது. மிதவையோடு நகரும் தொடுமுனை உரசும் தடம் கன்னங்கரேல் என்று இருந்தது. பெட்ரோலில் உள்ள கந்தகம் வெள்ளித் தொடுமுனைகளை இப்படிக் கருக்கிவிடும். துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும்தான், ஆனால் இதில் தடமே தேய்ந்திருந்ததால் சென்சாரைப் புதிதாகவே போட்டுவிட்டேன்.

இப்போது முள் முழுசாக ஏறுகிறது, அவ்வளவு நிம்மதி!

நீங்களே செய்வதாக இருந்தால் தயவுசெய்து டேங்க் ஓரளவு காலியானதும், காற்றோட்டமான இடத்தில், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள். சென்சார் மூடியின் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடுங்கள். பழையதில் கசிவு வந்தால் வண்டிக்குள் பெட்ரோல் ஆவி சேரும், அது ஆபத்து. அப்புறம், டேங்கைத் திறப்பதற்கு முன்பே, கோளாறு அங்கே இருக்கிறதா என்று சென்சாரின் கனெக்டரையும் எர்த் ஒயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.