வழாநிலைச் சோதனை: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

சர்வர்கள் பாதுகாப்பு விதிப்படி இருக்கின்றனவா என்று நிரலே பார்த்துச் சொல்லும் வேலைக்கு "இணக்கச் சோதனை" என்று வைத்துக்கொள்ளலாம் எனப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். அகராதிகளில் ஆங்கிலக் "கம்ப்ளையன்ஸ்" என்பதற்கு இணக்கம் என்றுதான் இருக்கிறது, அலுவலக வழக்கிலும் "இணக்க அதிகாரி" வந்துவிட்டார், பிறகு ஏன் மாற்ற வேண்டும் என்பது உங்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. காரணத்தையும், அந்த இடத்தில் நான் வைக்க நினைக்கும் சொல்லையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். (வழங்கியா சேவையகமா என்ற பழைய வழக்கை இதில் இழுக்க வேண்டாம் என்பதற்காக, இப்போதைக்கு "சர்வர்" என்றே எழுதுகிறேன்.)

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். நான் மொழிபெயர்ப்புக்கு எடுத்துக்கொண்டது செஃப் இன்ஸ்பெக். ரூபி மொழியில் எழுதப்பட்ட திறந்த மூலக் கருவி. ஜப்பானைச் சேர்ந்த கோசுகே மியாஷிதா உருவாக்கிய சர்வர்ஸ்பெக் என்ற சோதனைக் கருவி இதற்கு முன்னோடி. வல்கனோசெக் என்ற ஜெர்மானிய நிறுவனத்தை 2015-ல் செஃப் என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியபோது இன்ஸ்பெக் அதன் கைக்கு வந்தது. 2020-ல் செஃப் நிறுவனமே புரோகிரஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கைக்குப் போனது. கருவி செய்யும் வேலை எளிதில் சொல்லக்கூடியது. "எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் நேரடியாக யாரும் நுழையக் கூடாது", "பழைய, பாதுகாப்பற்ற தொலைநுழைவு நிரலான டெல்நெட் நிறுவப்பட்டிருக்கக் கூடாது" போன்ற விதிகளை மனிதரும் படிக்கக்கூடிய வாக்கியங்களாக ஒரு கோப்பில் எழுதி வைக்கிறோம். கருவி, தொலைவிலிருந்தே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் (லினக்ஸில்) வழியாகவோ வின்ஆர்எம் (விண்டோஸில்) வழியாகவோ சர்வருக்குள் போய், ஒவ்வொரு விதியையும் நிஜ நிலையோடு ஒப்பிட்டுவிட்டு வருகிறது. எதையும் மாற்றுவதில்லை, பார்த்துச் சொல்வதோடு சரி. திருத்துகிற வேலைக்கு ஆன்சிபிள், செஃப் இன்ஃப்ரா போன்றவை தனியாக இருக்கின்றன. அதனால் நாம் உருவாக்கும் சொல்லில் "திருத்தம்", "சீரமைப்பு" என்ற வாடையே வரக் கூடாது.

"பார்த்துச் சொல்வது" என்றால் சாதாரண வேலை போலத் தோன்றலாம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கிளவுடில் எழுப்பும் உபுண்டு (ஒரு லினக்ஸ் வகை) சர்வர் ஒன்றில் கடவுச்சொல் மூலம் நுழைவதை நிறுத்த வேண்டும். நிர்வாகி எஸ்எஸ்ஹெச் சேவையின் முதன்மை அமைவுக் கோப்பைத் திறந்து, கீழே போய், "கடவுச்சொல் நுழைவு: இல்லை" என்று மாற்றிச் சேமித்து, சேவையை மறுதொடக்கமும் செய்துவிடுகிறார். கோப்பைத் திறந்து பார்க்கிற எவருக்கும் "இல்லை" என்றுதான் தெரியும். ஆனால் அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் ஒரு வரி, பக்கத்து அடைவில் உள்ள துணைக் கோப்புகளையெல்லாம் உள்ளே இழுக்கிறது. அங்கே, சர்வர் முதன்முறை எழும்போது அமைவுகளைச் செய்யும் கிளவுட்-இனிட் நிரல் எழுதி வைத்த ஒரு துணைக் கோப்பில் "கடவுச்சொல் நுழைவு: ஆம்" என்று இருப்பதுண்டு. எஸ்எஸ்ஹெச் சேவையைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருள் ஓர் அமைவுக்கு முதலில் கிடைக்கும் மதிப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆக, கதவு திறந்தே கிடக்கிறது, கோப்பு மட்டும் பூட்டியிருப்பதாகச் சொல்கிறது. முதன்மைக் கோப்பை மட்டும் படிக்கிற சோதனையும் பச்சை விளக்கைத்தான் காட்டும். சேவையையே கூப்பிட்டு "நீ இப்போது எந்த மதிப்பில் ஓடுகிறாய்" என்று கேட்கிற சோதனைக்குத்தான் உண்மை அகப்படும்.

அப்படியானால் இந்தச் சோதனை தேடுவது எதை? விதி ஒன்று இருக்கிறது. சர்வர் அதிலிருந்து எங்கேயாவது பிசகியிருக்கிறதா என்பதைத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, வந்திருக்கும் பரிந்துரைகளைப் பார்க்கலாம்.

"இணக்கம்" என்ற சொல்லில் எனக்குள்ள முதல் சிக்கல், அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது என்பது. இந்தச் செயலி உங்கள் கைபேசியோடு இணக்கமானது, இந்த வன்பொருள் லினக்ஸுடன் இணக்கமானது என்று நாமே பல வருடங்களாக மொழிபெயர்த்து வருகிறோம். ஒரே கையேட்டில் "லினக்ஸ் இணக்கம்" என்று ஒரு பக்கமும் "சிஐஎஸ் இணக்கம்" என்று (சிஐஎஸ் என்பது பாதுகாப்பு அளவுகோல்களை வெளியிடும் அமைப்பு) இன்னொரு பக்கமும் வந்தால், படிப்பவர் இரண்டாவதையும் ஒத்துப்போய் ஓடும் என்றுதான் எடுத்துக்கொள்வார். இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. இணங்குவது என்றால் இரு தரப்பு ஒத்துப்போவது. "இணக்கமாகப் போங்கப்பா" என்று சண்டை போடுகிறவர்களிடம் சொல்கிறோம், நல்லிணக்கம் என்கிறோம். விதியும் சர்வரும் சமரசம் பேசி நடுவில் சந்திப்பதில்லை. விதி நிற்கிற இடத்தில் நிற்கும். "இணக்கமின்மை" என்ற எதிர்ச்சொல்லும் இரண்டு பேருக்குள் மனக்கசப்பு என்பது போல ஒலிக்கிறதே தவிர, ஒரு விதி மீறப்பட்டது என்ற அழுத்தம் அதில் இல்லை.

"தானியங்கித் தணிக்கை" என்று எழுதியவர்களுக்கு: தணிக்கை என்றதும் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குத் திரைப்படச் சான்றிதழ்தான் நினைவுக்கு வரும். இலங்கையில் கணக்குப் பார்ப்பதற்குக் கணக்காய்வு என்ற தனிச் சொல்லே வழக்கில் இருப்பதால், அங்கே தணிக்கை என்றால் வெட்டித் தள்ளுவது மட்டும்தான். அதை விட்டாலும், தணிக்கை என்பது பொறுப்புள்ள ஒரு வெளியாள் வந்து பார்த்துக் கையெழுத்திடும் வேலை. தினமும் ராத்திரி ஓடும் ஒரு நிரல் அந்தக் கையெழுத்தைப் போட முடியாது. அந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்க எனக்கு மனமில்லை. "கடைப்பிடிப்பு" நல்ல சொல், ஆனால் அது ஆளின் செயலைச் சொல்கிறது. சர்வர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல உதவாது. எதிர்ச்சொல்லுக்கும் திண்டாட வேண்டியிருக்கிறது.

சரி, என் முன்மொழிவு: வழாநிலை.

பள்ளியில் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிய சொல் அல்ல. இலக்கண முறைப்படி அமைந்தது வழாநிலை. முறை தவறியது வழு. முறைப்படி பார்த்தால் தவறுதான் என்றாலும், தக்க காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்பட்டது வழுவமைதி. பசுவைப் பார்த்து "எங்கள் லட்சுமி வந்துவிட்டாள்" என்பது திணை வழுதான். உவப்பினால் சொன்னதால் அமைதி. "தலைவர் நாளை வருகிறார்" என்பது கால வழு; வருவது உறுதி என்பதால் அமைதி. இதைப் படித்துவிட்டு இன்ஸ்பெக்கின் அறிக்கையைத் திறந்து பாருங்கள். தேறியவை, தவறியவை, தெரிந்தே ஏற்றுக்கொண்டவை என்று அங்கும் இதே மூன்று நிற்கின்றன. விதியையும் விதிமீறலையும் விதிக்குள்ளேயே அடங்கும் மீறலையும் தனித்தனியாகப் பெயரிட்டு நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ பிரித்து வைத்துவிட்டார்கள். அந்த அமைப்பு அப்படியே இங்கே பொருந்துகிறது என்பதுதான் இந்த நீண்ட மடலில் நான் சொல்ல வந்த விஷயம்.

வினையாகப் புழங்குவதற்கும் தடையில்லை. நெறி வழுவாத ஆட்சி, கடமை வழுவாத அதிகாரி என்று நாளிதழில் இன்றும் எழுதுகிறோம். "மூன்றாவது சர்வர் நேற்றிரவு நெறி வழுவியது" என்றால் விளக்கம் வேண்டியதில்லை. கருவியில் ஒவ்வொரு விதிக்கும் "கட்டுப்பாடு" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஊரடங்கு அறிவிப்பு மாதிரி கேட்கிறது. "நெறி" போதும். பல நெறிகளைக் கட்டி வைத்த பொதி "நெறித்தொகுப்பு".

வழுவமைதிக்குப் பதில் "விலக்கு" எளிமையாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். வரி விலக்கு, வயது விலக்கு என்று பழகிய சொல்தான். ஆனால் விலக்கு என்றால் அந்த விதி உங்களுக்குப் பொருந்தாது என்று பொருள். இங்கே நடப்பது அது அல்ல. விதி பொருந்துகிறது, மீறலும் கண்ணெதிரே இருக்கிறது. பழைய மென்பொருள் ஒன்று இன்னும் மாற்றப்படாததால் மார்ச் வரை பொறுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். இன்ஸ்பெக்கில் இதற்கென்று எழுதும் கோப்பில் நெறியின் அடையாளம், காரணம், காலாவதி நாள், சோதனையை ஓட்டவா வேண்டாமா என்ற குறிப்பு ஆகியவற்றுக்கு இடமுண்டு. ஓட்டு என்று விட்டால் சோதனை வழக்கம்போல் ஓடும், வழுவும் அறிக்கையில் ஏறும், பக்கத்தில் காரணமும் இருக்கும். காலாவதி நாள் கடந்ததும் அமைதி போய் வழு மட்டும் மிஞ்சும். இலக்கணத்திலும் காரணம் இல்லாமல் அமைதி கிடையாது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்று நன்னூல் காரணங்களைப் பெயர் சொல்லியே தருகிறது. "விலக்கு" என்ற சொல்லை, விண்டோஸுக்கான விதி லினக்ஸுக்குப் பொருந்தாது என்பது போன்ற இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் கிடைத்துவிடும்.

சிக்கலான ஓர் இடமும் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட ஆணைப்படி, சர்வரில் நடப்பதைக் குறித்து வைக்கும் பதிவுக் கோப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். லினக்ஸில் பதிவுகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட் நிரலுடன் வழக்கமாக வரும் அமைவு, வாரம் ஒரு கோப்பாகச் சுழற்றி நான்கை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும். அதாவது ஒரு மாத அளவுக்கே பதிவு மிஞ்சும். சோதனை இதைப் பார்த்தால் வழு. ஆனால் எல்லாப் பதிவுகளும் அன்றன்றே மையச் சேமிப்பகத்துக்குப் போய், அங்கே 180 நாளும் இருக்கின்றன என்றால்? அப்போது ஆணை மீறப்படவே இல்லை. இதை வழுவமைதி என்று எழுதுவது தப்பு. சோதனை தப்பான இடத்தைப் பார்த்திருக்கிறது, நெறியைத்தான் மாற்றி எழுத வேண்டும். அவசரத்தில் இப்படிப்பட்டவற்றையெல்லாம் வழுவமைதிக் கோப்பில் தள்ளிவிட்டால், உண்மையான மீறல்கள் அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும். கலைச்சொல் விளக்கத்தில் இந்த வேறுபாட்டை ஒரு வரியாவது எழுதியே ஆக வேண்டும்.

"வழு" என்பதை நிரல் பிழைக்கு ஏற்கெனவே பயன்படுத்துகிறோமே என்ற எதிர்ப்பு வரும் என்று தெரியும். உண்மைதான், கட்டற்ற மென்பொருள் மொழிபெயர்ப்புகளில் அது இருக்கிறது. குழப்பம் வரும் இடங்களில் "நெறிவழு" என்று முழுமையாக எழுதலாம். மென்பொருள் பிழையும் எதிர்பார்த்த நடத்தையிலிருந்து வழுவுவதுதான் என்பதால், ஒரே வேரில் இரண்டும் இருப்பதில் எனக்கு நெருடல் இல்லை.

இலக்கணத்தில் இல்லாத நான்காவது நிலை ஒன்றுக்கும் பெயர் தேவை. சோதிக்கவே முடியாமல் போனது. அனுமதி கிடைக்கவில்லை, கோப்பு அகப்படவில்லை, சோதனை பாதியில் நின்றது. பாதுகாப்பு விதிகளையும் சோதனை முடிவுகளையும் எழுதுவதற்கான எக்ஸ்சிசிடிஎஃப் தரத்தில் தேறியது, தவறியது என்பவற்றோடு "சோதிக்கப்படவில்லை", "தெரியவில்லை" என்பவையும் தனி முடிவுகளாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. அது எவ்வளவு அவசியம் என்பதற்கு அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் சாட்சி. 2017 மார்ச்சில் வலைச் செயலிகள் கட்ட உதவும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் ஓட்டை இருப்பது வெளியானதும், 48 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று உள்ளுக்குள் மின்னஞ்சல் போனது. சில நாளில் ஓட்டைகளைத் தேடும் வருடல் (ஸ்கேன்) சோதனையும் ஓடியது. ஓட்டையுள்ள சர்வர் அதன் கண்ணில் படவில்லை. எதுவும் அகப்படாததால் எதுவும் இல்லை என்றாகிவிட்டது. மறையாக்கிய (என்கிரிப்ட் செய்த) போக்குவரத்தைக் கண்காணிக்க வேண்டிய கருவியிலும் சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்கில் அது குருடாகவே இருந்தது. மே நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை ஊடுருவியவர்கள் உள்ளே இருந்திருக்கிறார்கள்; சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் போனது. விதி இருந்தது, சோதனையும் நடந்தது, ஆனால் பார்க்காத இடத்தை வழாநிலை என்று எண்ணிவிட்டார்கள்.

இந்த நிலைக்கு முதலில் "தேராநிலை" என்று யோசித்தேன். தேர்தல் என்றால் ஆராய்தல் என்பதால் பழைய பொருளில் சரி, ஆனால் இன்றைக்கு அதைப் படிப்பவர் தேர்ச்சி பெறவில்லை என்று எடுத்துக்கொள்வார். அதனால் "பாராநிலை" என்று முன்வைக்கிறேன். பாராமுகம் தெரிந்த எவருக்கும் இது தெரியும். அறிக்கையில் பாராநிலைக்குப் பச்சை நிறம் கொடுக்கக் கூடாது என்பதையும் மொழிபெயர்ப்புக் குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

மறுப்பு இருப்பவர்கள் சொல்லைத் தனியாக எடுத்துப் பேசாமல், ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதி அனுப்புங்கள். உதாரணத்துக்கு, "நாற்பது நெறிகளில் முப்பத்தைந்து வழாநிலை, இரண்டு வழு, ஒன்று வழுவமைதி, இரண்டு பாராநிலை" என்ற அறிக்கை வரியை உங்கள் சொற்களில் எழுதிப் பாருங்கள். எது நாவில் தடையில்லாமல் போகிறதோ அதை எடுத்துக்கொள்வோம். வழாநிலை என்ற சொல் இலங்கைப் பாடநூல்களில் எவ்வளவு பழக்கம் என்பதை அங்குள்ள நண்பர்கள் சொன்னால் நல்லது. அப்புறம், ஒவ்வொரு நெறிக்கும் இன்ஸ்பெக் 0 முதல் 1 வரை கொடுக்கும் மதிப்பெண்ணுக்கு இப்போதைக்குக் "கடுமை" என்று போட்டிருக்கிறேன். அது எனக்கே நிறைவாக இல்லை, "தாக்கம்" அதைவிடப் பொருந்துமா என்று பாருங்கள்.